சாங்கி கடற்கரையில் மூன்று பிள்ளைகளைப் படம் எடுக்க: நேரம், வெளிச்சம், செட்டிங்ஸ்?

புளோக்99 கேட்டது:

வணக்கம் எல்லாருக்கும். ஸ்டூடியோவில் குழந்தைப் படம் எடுத்துப் பழக்கம். கடற்கரை வேலை இதுதான் முதல்.

ஜூன் பள்ளி விடுமுறையில் ஒரு தமிழ்க் குடும்பம் சிங்கப்பூர் சாங்கியில் ஷாலே (விடுமுறை வீடு) எடுத்து இரண்டு இரவு தங்குகிறது. 7 வயதுப் பையன், 4 வயதுப் பெண், 10 மாதக் கைக்குழந்தை, அப்பா அம்மா, கூடவே தாத்தா பாட்டி. மாலை ஐந்தரைக்கு வரச் சொல்கிறார்கள். சூரியன் கடலில் இறங்குகிற பின்னணி வேண்டுமாம்.

கையில் இருப்பது: ஃபுல் ஃபிரேம் பாடி ஒன்று, 35 மி.மீ., 85 மி.மீ. எஃப் 1.8, 70-200 எஃப் 2.8, ஒரு ஸ்பீட்லைட் (கேமராவில் மாட்டும் சின்ன ஃபிளாஷ்), மடக்கு வெள்ளி ரிஃப்ளெக்டர். உதவிக்கு ஒரு ஆள் வருவார். நேரம் சரிதானா? எந்த லென்ஸ்? ஃபிளாஷ் தேவையா? அப்பாவும் பையனும் நல்ல கறுப்பு, அம்மா மாநிறம். ஒரே படத்தில் இருவர் முகமும் சரியாக வர என்ன செய்வது?

கரையோரன் பதில்:

முதல் வேலையாக அந்த ஐந்தரையை மாற்றுங்கள்.

ஜூனில் இங்கே சூரியன் மறைவது மாலை 7.10 வாக்கில். ஐந்தரைக்கு அது இன்னும் 23 டிகிரி உயரத்தில் இருக்கும். கண்ணைக் கூச வைக்கும் வெயில், மணல் சூடு, பிள்ளைகளும் பகலெல்லாம் தண்ணீரில் ஆடிக் களைத்திருப்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் திசை. சாங்கி கடற்கரை வடகிழக்கைப் பார்த்தது. மாலைச் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் மரங்களுக்குப் பின்னால் போய்விடும், கடலில் இறங்காது. அஸ்தமனம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் சாங்கி பாயின்ட் கரையோர நடைபாதையின் சன்செட் வாக் பகுதிக்குப் போகலாம், அது மேற்குப் பக்கம். ஆனால் அங்கே பலகைப் பாதைதான், மணல் கிடையாது.

காலை என்றால் கதையே வேறு. ஜூனில் சூரியன் வடகிழக்கை ஒட்டி எழுகிறது, அதாவது சாங்கியில் நேராகக் கடல் பக்கம். டிசம்பரில் இது தலைகீழ்: சூரியன் தென்கிழக்குக்கு நகர்ந்துவிடும், அப்போது தென்கிழக்குக் கரையிலுள்ள ஈஸ்ட் கோஸ்ட்தான் சரி. ஜூனில் ஈஸ்ட் கோஸ்டுக்குப் போனால் சூரியன் கரை வரிசையிலேயே, மரங்களை ஒட்டி வரும். ஊர் சின்னதுதானே, எந்தக் கரையானால் என்ன என்று நினைத்துப் போகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இன்னொன்று. வெளிநாட்டு வீடியோக்களில் பொன்னிற வெளிச்சம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நிற்கும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரிகூட வடக்கே இல்லை. சூரியன் சாய்வாக ஊர்ந்து வராது, கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும். ஜூனில் உதயம் ஏறத்தாழ 7.00 என்று வையுங்கள்:

6.30: எல்லாரும் மணலில். 6.30 என்றால் ஷாலேயிலிருந்து கிளம்பும் நேரம் அல்ல.
6.45 முதல் 7.05 வரை: நிழலே விழாத மென்மையான வானவெளிச்சம். பெரிய குடும்பப் படம், கைக்குழந்தை. லென்ஸ் துளை எஃப் 4 (எண் ஏறினால் துளை சுருங்கும்), ஷட்டர் வேகம் 1/250; முதலில் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன்) நன்றாக உயர்த்தித் தொடங்கி, வெளிச்சம் ஏற ஏற இறக்குங்கள்.
7.05 முதல் 7.45 வரை: சூரியன் 10 டிகிரிக்குள். முதுகில் சூரியன், முகம் திறந்த வானத்தைப் பார்த்து. தனிப்படங்கள் எல்லாம் இந்த நாற்பது நிமிடத்தில்.
8.15: 17 டிகிரி. இதற்கு மேல் மர நிழல்தான்.

மர நிழலில் இலை இடுக்கு வழியாக விழும் வெயில் பொட்டுகளைக் கவனியுங்கள். முகத்தில் ஒன்று விழுந்தாலும் படம் போச்சு, எடிட்டிங்கில் சரிவராது. நிழலின் நடுவில் நிறுத்தாதீர்கள். விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே, முகம் வெளிப்புறம் பார்த்து.

கடல் ஏற்ற வற்றத்தையும் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வித்தியாசம் 3 மீட்டரை நெருங்கும். நன்றாக வற்றினால் சாங்கியில் சேறும் பாசியும் தெரியும், வாடையும் அடிக்கும். முழு ஏற்றத்தில் நிற்க மணலே மிஞ்சாது. பாதி வற்றி இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும் நேரம்தான் வசதி: ஈர மணல் கெட்டியாக இருக்கும், வானத்தைப் பிரதிபலிக்கும், கீழிருந்து முகத்துக்கு ஒரு வெளிச்சமும் தரும்.

மழை: ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். சுமத்ரா பக்கமிருந்து வரும் பலத்த காற்றும் மழையும் பெரும்பாலும் விடியலுக்கு முன்னிருந்து நண்பகலுக்குள்தான் அடிக்கும். அவர்கள் இரண்டு இரவு தங்குவது உங்களுக்கு அதிர்ஷ்டம். முதல் காலையை வேலைக்கு வையுங்கள், இரண்டாவது காலை மாற்று. வானிலை ஆய்வகத்தின் 2 மணி நேர முன்னறிவிப்பையும் மழை ராடாரையும் 5.30க்கே பாருங்கள். இடி கேட்டால் மணலிலும் நிற்கக் கூடாது, மரத்தடியிலும் ஒதுங்கக் கூடாது. நேராக ஷாலேதான்.

தெம்பனிஸ்வாசி பதில்:

சாங்கி, ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் மூன்றும் தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் வருபவை. காசு வாங்கிச் செய்யும் வேலைக்கு அனுமதி தேவையா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே ஒப்பந்தம். 2021 நவம்பர் 21இல் புதிய காப்புரிமைச் சட்டம் நடப்புக்கு வந்தபின், வேறு ஏற்பாடு எழுதப்படாவிட்டால் படத்தின் முதல் உரிமை எடுத்தவருக்கு. பெற்றோர் பலருக்கு இது தெரியாது, பிறகு மனக்கசப்பு. உங்கள் பக்கத்தில் எந்தப் படத்தைப் போடலாம், போடவே கூடாதா, நீச்சலுடையில் உள்ளவை என்ன ஆகும், எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது. ஷாலே எண் தெரியும் படங்களை அவர்கள் வீடு திரும்பும்வரை எங்கும் ஏற்றாதீர்கள்.

நிறமாலை பதில்:

நிறத்தைப் பற்றிக் கேட்டதற்கு.

கேமரா மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் ஆக்கப் பார்க்கும். கடற்கரையில் இது இரண்டு எதிரெதிர் வழிகளில் கெடுக்கும். பின்னால் பளீரென்ற வானம் இருந்து மொத்த ஃபிரேமையும் அளந்தால், வானத்துக்குப் பயந்து எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, குறைக்கும். பையன் முகம் கரிக்கட்டியாகிவிடும். அதற்குப் பயந்து, ஒரு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை அவன் கன்னத்தில் வைத்தால், கறுப்புத் தோலைச் சாம்பலாக்க வெளிச்சத்தைக் கூட்டும். முகம் வெளிறி, நெற்றியும் மூக்கும் வெள்ளைத் திட்டாகும். முதல் வழியில் அளந்தால் +1 ஸ்டாப் (இரு மடங்கு வெளிச்சம்) வரை கூட்டுங்கள். இரண்டாம் வழியில் அளந்தால் 2/3 முதல் 1 ஸ்டாப் வரை குறையுங்கள். இதைவிட மேனுவலில் வைத்து, நிறுத்தும் இடத்தில் சாம்பல் அட்டையைப் பிடித்து அளந்துகொள்வது நிம்மதி. காலையில் வெளிச்சம் வேகமாக ஏறுவதால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும்.

அப்பாவும் அம்மாவும் ஒரே படத்தில்: நிறம் அடர்ந்தவரை வெளிச்சம் வரும் பக்கமாக அரையடி முன்னால் நிறுத்துங்கள். எக்ஸ்போஷரை அம்மாவின் நெற்றி வெடிக்காத (வெளுத்து விவரம் போகாத) அளவுக்கு வைத்து, அப்பாவின் முகத்தை ரா கோப்பில் அரை ஸ்டாப் தூக்கினால் போதும். ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) சிவப்புச் சேனலைத் தனியாகப் பாருங்கள். நம் தோலில் முதலில் வெடிப்பது அதுதான், மொத்த ஹிஸ்டோகிராம் அதைக் காட்டிக் கொடுக்காது.

கறுப்புத் தோலுக்கு அழகே அதில் விழும் பளபளப்பு. அது அகலமாக, மெதுவாக மங்கிச் செல்ல வேண்டும். பொட்டுப் பொட்டாக இருந்தால் எண்ணெய் வடிவதுபோல் தெரியும். அகலமான வெளிச்சம் வேண்டும் என்பது இதற்காகத்தான், அந்தத் திறந்த வானமே போதுமானது. வியர்வையைத் துடைக்காதீர்கள், டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

சன்ஸ்கிரீன் இன்னொரு தொல்லை. ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு கலந்தவை நம் நிறத்தில் சாம்பல் பூத்த மாதிரி படியும், ஃபிளாஷ் பட்டால் இன்னும் மோசம். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், பிள்ளைகளுக்கு அது வேண்டும். இருபது நிமிடம் முன்பே பூசி, காதோரமும் புருவ ஓரமும் நன்றாகத் தேய்த்துவிடச் சொல்லுங்கள்.

ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலை) ஆட்டோவில் விட்டால் ஃபிரேமில் கடல் கூடும்போது ஒரு நிறம், மணல் கூடும்போது வேறு நிறம். சூரியன் எழுந்தபின் 5500 கெல்வினில் நிறுத்தி வையுங்கள். மர நிழலில் பச்சை ஏறும், டிண்டைக் கொஞ்சம் மெஜந்தா பக்கம் தள்ளுங்கள். ஒளிரும் பச்சை, ஆரஞ்சு நீச்சல் சட்டை போட்டால் தாடையின் கீழ் அந்த நிறமே அடிக்கும். அதை எடுப்பது பெரும்பாடு.

கடைசியாக, கேட்காமல் யாரையும் எடிட்டிங்கில் வெளுக்க வைக்காதீர்கள். கைக்குழந்தையின் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டையும் கறை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். நம்மவரல்லாத ரீடச்சரிடம் கொடுத்தால் முதலில் காணாமல் போவது அதுதான்.

புளோக்99:

கரையோரன் அண்ணே, நிறமாலை, ரொம்ப நன்றி. காலைக்கு அவர்கள் சம்மதித்துவிட்டார்கள். பிள்ளைகளை எந்த வரிசையில் எடுப்பது? கைக்குழந்தை மணலை வாயில் போடுமே என்று அம்மாவுக்குப் பயம். தண்ணீரில் விளையாடும் படமும் கேட்கிறார்கள்.

மல்லிகா_அக்கா பதில்:

தம்பி, வரிசை இதுதான்: கூட்டம் முதலில், ஈரம் கடைசியில். ஒரு தடவை தண்ணீரைத் தொட்டுவிட்டால் பிள்ளைகள் திரும்ப உலர்ந்த மணலுக்கு வர மாட்டார்கள், வந்தாலும் துணி ஒட்டிக்கொண்டு நிற்கும்.

ஏழு பேர் படம் ஐந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். தாத்தா பாட்டிக்கு மடக்கு ஸ்டூல் இரண்டு கொண்டு போங்கள், மணலில் உட்கார்ந்து எழ அவர்களால் முடியாது. அடிவானம் யார் கழுத்தையும் வெட்டக் கூடாது; ஒன்று தலைக்கு மேலே, இல்லையென்றால் இடுப்புக்குக் கீழே. தூரத்துக் கப்பல்களை ஒரு முறை பார்த்துவிட்டு நில்லுங்கள், தாத்தா தலையிலிருந்து கப்பல் முளைக்கும்.

அடுத்து உடனே கைக்குழந்தை. ஷாலேயிலேயே பால் கொடுத்துவிட்டு வரட்டும். 10 மாதக் குழந்தை உட்காரும், ஆனால் எதைப் பார்த்தாலும் கை போகும். அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை நாலாக மடித்துக் கெட்டி மணலில் விரியுங்கள். பிளாஸ்டிக் பாய் வேண்டாம், கீழிருந்து நிறம் அடிக்கும். கையில் மரக்கரண்டி ஒன்று கொடுத்தால் வாய்க்கு அதுதான் போகும், மணல் போகாது. அம்மா கை எட்டும் தூரத்தில், ஃபிரேமுக்கு வெளியே. நீங்கள் முழங்கை ஊன்றிப் படுத்து, லென்ஸைக் குழந்தையின் கண் மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். 85இல் 3 மீட்டர் தள்ளி எஃப் 1.8 வைத்தால் ஃபோகஸ் ஆழம் 13 சென்டிமீட்டர்தான். குழந்தை ஒரு முறை குனிந்தால் போய்விடும். எஃப் 2.8இல் 20 சென்டிமீட்டர் கிடைக்கும். தாராளமாக அதில் எடுங்கள், பின்னால் கடல் எப்படியும் மங்கிவிடும்.

பதினைந்து நிமிடத்துக்குள் குழந்தையைப் பாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். பிறகு 4 வயதுக்காரி. அவளை "சிரி" என்று சொன்னால் பல்லைக் கடித்துக் காட்டுவாள், அந்த வயதில் எல்லாரும் அப்படித்தான். வேலை கொடுங்கள்: ஓட்டை விழுந்த சிப்பி மட்டும் பொறுக்கச் சொல்லுங்கள், அல்லது உங்கள் உதவியாளருக்கு மணல் தோசை சுடச் சொல்லுங்கள். கண் தாழ்ந்திருக்கும் முகம் நன்றாக இருக்கும், நிமிரும்போது ஒன்று எடுங்கள். சாங்கியில் தலைக்கு மேலே விமானம் தாழ்வாகப் போகும். சின்னதுகள் மிரளும், ஆனால் பெரியவனுக்கு அதுவே வேடிக்கை. அவன் அண்ணாந்து பார்க்கும் நேரத்துக்குத் தயாராக இருங்கள்.

பையனை ஓட விடுங்கள், குறுக்கே அல்ல, உங்களை நோக்கி. 70-200இல் 135 பக்கம், தொடர் ஃபோகஸ், 1/1000. குதித்தால் 1/1600. தண்ணீர்த் துளி உறைந்து நிற்க 1/2000.

இப்போது தண்ணீர். 200இல் எடுக்கும்போது நீங்கள் பிள்ளையிடமிருந்து எட்டுப் பத்து மீட்டர் தள்ளி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறீர்கள். காவலுக்கு நீங்கள் ஆள் இல்லை. பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை எட்டும் தூரத்தில், அவர் கையில் போன் இருக்கக் கூடாது. முழங்கால் ஆழத்துக்கு மேல் வேண்டாம். கப்பல் போனபின் சிறிது நேரம் கழித்துத்தான் அதன் அலை கரைக்கு வரும், அப்போது கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் சின்னப்பிள்ளை விழுந்துவிடும். பாறைத் தடுப்பில் ஏற்றி நிறுத்தவே வேண்டாம், பாசி வழுக்கும், ஒட்டியிருக்கும் சிப்பி காலைக் கிழிக்கும். வற்றிய இடத்தில் வெறுங்காலோடு விடாதீர்கள்.

உடை பற்றி முன்னாளே சொல்லிவிடுங்கள். பட்டுப் பாவாடை கடலுக்கு ஆகாது, உப்புத் தண்ணீர்க் கறை போகாது. பருத்திப் பாவாடை காற்றில் நன்றாகவும் பறக்கும். தலைக்கு எண்ணெய் வைத்தால் மணல் ஒட்டும். கண்மை வழியும். தங்கச் சங்கிலி, கொலுசு எல்லாம் ஷாலேயிலேயே கழற்றட்டும், மணலில் விழுந்தால் கிடைக்காது. விடியற்காலையில் மணல் ஈ கடிக்கும், பிள்ளைகள் காலில் சிவப்பாக வீங்கும், பூச்சி விரட்டி தேவை. ஆனால் டீட் என்ற ரசாயனம் கலந்ததைப் பூசிய கையோடு கேமராவைத் தொடாதீர்கள், ரப்பரும் பிளாஸ்டிக்கும் இளகிவிடும்.

வெளிச்சம்_விற்பவன் பதில்:

ஃபிளாஷ் கேள்வியை எல்லாரும் தாண்டிவிட்டார்கள். திறந்த வானமே போதும் என்பது 7.30 வரைக்கும் சரி. அதற்குப் பிறகு சூரியன் முதுகில் ஏறியதும் முகம் இரண்டு ஸ்டாப் இருட்டாகும். முகத்துக்கு அளந்தால் வானம் வெள்ளைத் தாள். வந்த இடமே தெரியாது. 60 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸில் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி) ஸ்பீட்லைட்டை வைத்து உதவியாளர் கையில் கொடுங்கள். ஸ்டாண்டில் வைத்தால் காற்று தள்ளிவிடும், கீழே பிள்ளை இருக்கும். 1.5 மீட்டர் தூரம், கண்ணுக்குச் சற்று மேலே, 1/250, பாதி அடர்த்தி ஆரஞ்சு ஜெல் (ஃபிளாஷ்மேல் ஒட்டும் நிறத்தாள்). ஃபிளாஷ் இருப்பது தெரியாத அளவுக்குக் குறையுங்கள். ஓடும் படத்துக்கு இது உதவாது. 1/1000 வேண்டுமென்றால் ஹைஸ்பீட் சின்க் (வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷ் அடிக்கும் முறை) போட வேண்டும், அதில் இந்தச் சின்ன ஃபிளாஷின் பலம் பெரும்பகுதி போய்விடும்.

நிறமாலை பதில்:

ஏழு வயதுக்காரனுக்குச் சரி. கைக்குழந்தைக்கும் 4 வயதுக்கும் சாஃப்ட்பாக்ஸோடு ஒருவர் ஒன்றரை மீட்டரில் நின்றால் படம் முழுக்க அந்தப் பெட்டியைத்தான் பார்ப்பார்கள். அவர்களுக்கு ஏ1 அளவு வெள்ளை ஃபோம் போர்டு ஒன்று, மணலில் சாய்த்து. வெள்ளி ரிஃப்ளெக்டரை வீட்டில் வைத்துவிடுங்கள். சூரியனைக் கண்ணில் அடிப்பதும் அதுவும் ஒன்றுதான், மூன்று பேரும் கண்ணைச் சுருக்குவார்கள். வானம் வெளுப்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. பெற்றோர் பார்ப்பது பிள்ளையின் முகத்தை.

புளோக்99:

ஃபோம் போர்டு, ஃபிளாஷ் இரண்டும் எடுத்துப் போகிறேன். முதல் நாள் இரவே ஷாலேயில் ஒரு அறை தருகிறார்களாம். ஏர்கான் அறையில் கேமராவை வைக்கலாமா?

கரையோரன் பதில்:

வைக்காதீர்கள். 23 டிகிரியில் இரவெல்லாம் குளிர்ந்த லென்ஸை 6.30க்கு வெளியே எடுத்தால் நொடியில் பனி மூடும், துடைத்தாலும் மறுபடி மூடும், தெளிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். உங்கள் நல்ல வெளிச்சமே நாற்பது நிமிடம்தான். பையை ஏர்கான் இல்லாத இடத்தில், பூட்டிய அறைக்குள் வையுங்கள். வேறு வழியில்லை என்றால் ஜிப் பையில் காற்றில்லாமல் அடைத்து, 5.30க்கே வெளியே கொண்டு வந்து, பை தொட்டுப் பார்க்க வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்தபின் திறங்கள். பனி பிடித்திருக்கும்போது லென்ஸைக் கழற்றினால் சென்சாரிலும் பிடிக்கும்.

பாடி ஒன்றுதான் என்பதால் லென்ஸ் மாற்றுவதை ஒரே தடவையாக்குங்கள்: 85இல் குடும்பமும் சின்னவர்களும், பிறகு ஷாலே பக்கம் வந்து காற்றுக்கு முதுகு காட்டி 70-200. பேட்டரியும் கார்டும் அப்போதே மாற்றிவிடுங்கள். 35 பையிலேயே இருக்கட்டும். ஏழு பேரை 85இல் அடக்க ஒரு பன்னிரண்டு மீட்டராவது பின்னால் போக வேண்டிவரும், அதனால் உதவியாளரை அவர்கள் பக்கம் நிறுத்துங்கள், நீங்கள் கத்த வேண்டியதில்லை.

முடிந்ததும் முதலில் ஊதுகுழலால் மணலை ஊதி எடுங்கள். மணலோடு துடைத்தால் கண்ணாடி கீறும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் பாடி, லென்ஸ் உருளை, ஹூட் எல்லாம் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு தரம். மடக்கு ஸ்டூலின் கால்களையும் அன்றைக்கே குழாயில் கழுவுங்கள், விட்டால் உப்புப் பிடித்துக் கீல் இறுகிவிடும்.